1942 பர்மா நடைப்பயணமும் தமிழ் எழுத்தும்: சாமிநாத சர்மாவின் நூலை முன்வைத்து ஒரு விமர்சனம்

'எனது பர்மா வழிநடைப் பயணம்' வெ. சாமிநாத சர்மா (1895–1978) எழுதிய நூல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனில் வாழ்ந்த சர்மா தம் மனைவி மங்களத்துடன் தரைவழியாக இந்தியா வந்து சேர்ந்த அனுபவமே அதன் பொருள். தமிழில் இந்நூலைப் பயண இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் வைப்பது வழக்கம். அந்த இடம் பொருத்தமானதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைத் தமிழ் நாவலும் திரைப்படமும் எப்படி நினைவில் வைத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

கடல்வழி அடைபட்டபோது

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே. வட்டிக்கடைச் செட்டியார்கள், அரசு எழுத்தர்கள், துறைமுகக் கூலிகள், ரிக்ஷா இழுப்பவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், அறுவடைக் காலத்தில் மட்டும் போய்வரும் விவசாயக் கூலிகள் எனப் பல தரப்பினர் அங்கே இருந்தனர். இவர்களுக்கெல்லாம் பர்மா என்பது கப்பல் ஏறிப் போகும் ஊர். தரைவழியாக அங்கே ஒரு நாட்டு எல்லை இருக்கிறது என்பதே பெரும்பாலோருக்கு நினைவில் இருந்திராது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச் 8 அன்று நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். விமானத்தில் போனவர்கள் அவர்களிலும் சிலர். மற்றவர்களுக்கு நடையைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வழி, புரோம் நகரிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தாங்குப் வழியாக அக்யாப், சிட்டகாங் செல்வது. இன்னொன்று, மாந்தளே வரை ரயிலில் போய், மோனிவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் படகில் கலேவா சென்று, காபா பள்ளத்தாக்கைத் தாண்டித் தம்மு, பாலேல், இம்பால், திமாப்பூர் என நடப்பது. கடைசியாகப் புறப்பட்டவர்கள் வட கோடியில் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்குள் நுழைய முயன்று, மே மாத மழையில் சிக்கிக்கொண்டார்கள்.

இப்படி வெளியேறியவர்கள் 4 முதல் 5 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். வழியில் இறந்தவர்கள் பற்றிய மதிப்பீடுகள் 10,000 முதல் 50,000 வரை நீள்கின்றன. ஐந்து மடங்கு இடைவெளி உள்ள மதிப்பீடு எதைக் காட்டுகிறது? இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை என்பதைத்தான். காலராவும் மலேரியாவும் குடிநீர் இல்லாமையும் கொன்றவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. ஓரளவு வசதி செய்யப்பட்ட பாதையில் வெள்ளையரும், கடினமான பாதையில் இந்தியரும் அனுப்பப்பட்டதாக அன்றே புகார் எழுந்தது. 'வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை' என்றே மக்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1942 ஏப்ரல் இறுதியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு இந்தப் பாகுபாட்டைக் கண்டித்தது.

எழுதியவர் யார்?

சர்மா பிறந்தது செய்யாற்றுப் பக்கத்து வெங்களத்தூரில். 1989இல் மாவட்டம் பிரியும்வரை போளூர், ஆரணி, செய்யாறு எல்லாமே வடஆற்காடு மாவட்டம்தான். எங்கள் பகுதி மாணவர்களுக்கு அவர் அடுத்த வட்டத்துக்காரர். ஆனால் அவர் பெயரைக் கேட்டால் விழிக்கிற மாணவர்களே அதிகம்.

திரு.வி.க.வின் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் பயின்ற சர்மா, 1930களின் தொடக்கத்தில் ரங்கூன் சென்றார். அங்கே 'ஜோதி' என்ற மாத இதழை நடத்தினார். ஹிட்லர், முஸோலினி, செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் சாதாரணத் தமிழ் வாசகனுக்குப் புரியும்படி நூல்கள் எழுதினார். எந்த நாட்டில் எந்தப் படை நுழைந்தது, அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தமிழருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 1942இல் அவர் வாழ்ந்த ஊருக்குள்ளேயே படை நுழைந்தது.

நூலை வாசிக்கும்போது மனத்தில் இருத்த வேண்டிய முதல் செய்தி இது. போர் என்பதை நூல்கள் வழியே அறிந்து பிறருக்கு விளக்கிய ஒருவர், அதைக் காலால் அறிந்துகொண்ட கதை இது. இன்னொன்றும் உண்டு. நடந்தது 1942இல், நூலாக வெளிவந்ததோ 1978இல் சர்மா மறைந்த பிறகு. எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களைத் தந்த ஒருவரின் இந்த அனுபவம் மட்டும் இத்தனை காலம் கழித்தே நூல் வடிவம் பெற்றது. தன் துன்பத்தைப் பொதுவில் வைக்கக் கூசிய தலைமுறையின் இயல்பு என்று இதைக் கொள்ளலாம். நமக்கு அது இழப்பும்கூட.

'வழிநடை' என்ற சொல்

தலைப்பில் உள்ள 'வழிநடை' பழைய சொல். வழிநடைச் சிந்து, வழிநடைப் பதம் என்று சிற்றிலக்கிய வகைகளே இருந்தன. ஒரு தலத்துக்கு நடந்து போகிறவர், வழியில் உள்ள ஊர், சத்திரம், சோலை, குளம் ஒவ்வொன்றையும் உடன் வருபவருக்குச் சுட்டிக்காட்டி மகிழ்ந்து பாடுவது அதன் அமைப்பு. அங்கே வழி ஓர் இன்பம். போய்ச் சேருமிடம் தெரியும். திரும்பி வரும் வீடும் இருக்கும்.

சர்மாவின் நூலிலும் உடன் நடப்பவர் உண்டு. ஊர்களும் வரிசையாக வருகின்றன. ஆனால் வழிநடைச் சிந்தின் மற்ற இரண்டு அடிப்படைகளும் இங்கே இல்லை. போய்ச் சேர்வோமா என்பது தெரியாது. திரும்பிப் போகப் பின்னால் வீடு இல்லை. சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அகதி முகாம் இருக்கிறது. சோலை இருக்க வேண்டிய இடத்தில் மலேரியாக் காடு. எனவே இதைப் பயண நூல்களின் வரிசையில், 'உலகம் சுற்றும் தமிழன்' ஏ.கே. செட்டியாரின் நூல்களுக்குப் பக்கத்தில் வைப்பது வசதியான வகைப்பாடு. சரியான வகைப்பாடு அன்று. பயணி தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறான். அகதிக்கு வழியைத் தேர்வது போர். இது தமிழின் தொடக்ககால அகதி நூல்களுள் ஒன்று என்று அழைக்கப்பட வேண்டும்.

பெயர் மாற்றத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். பயண நூலாக வாசித்தால் 'எத்தனை துணிச்சல்!' என்று வியந்து நூலை மூடிவிடுவோம். அகதி நூலாக வாசித்தால், ஏன் இவர்கள் நடக்க வேண்டி வந்தது, யாருக்குக் கப்பல் கிடைத்தது, முகாமில் சோறு யார் போட்டார்கள், உடன் நடந்து வந்து சேராதவர்கள் யார் என்ற கேள்விகள் எழும்.

நூலின் எல்லை

இதே கேள்விகளைக் கொண்டே நூலின் குறையையும் பார்க்கலாம். சர்மா இதழாசிரியர், படித்தவர், அறிமுகம் உள்ளவர். வழியில் உதவி கேட்டு ஓர் அலுவலரிடம் பேசவும், பேசியதை நினைவில் வைத்து எழுதவும் தெரிந்தவர். அதே பாதையில் நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை, கையெழுத்துப் போடத் தெரியாத விரல்கள். ஒரு நல்ல சாட்சியின் கண்ணில் பட்ட அளவுக்கே அவர்கள் நூலுக்குள் வர முடியும். அவர்களே பேசுவது வேறு.

மங்களம் அம்மையார் எழுதியிருந்தால் அதே பாதை எப்படி இருந்திருக்கும் என்றும் எண்ணிப் பார்க்கலாம். மறைவிடம், குளிக்க நீர், சமைக்க விறகு, மாதவிலக்கு என்று பெண்ணின் நடைக்கு வேறு கணக்குகள் உண்டு. சர்மாவின் பேனாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு நல்ல சாட்சியம் இருக்கும்போது, அதுவே முழு உண்மை என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு.

ஒரு கப்பல் சீட்டு

எழுதத் தெரியாதவர்களின் பர்மாவைத் தமிழர் பலர் கண்டது திரையில். 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி' (இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, வசனம் மு. கருணாநிதி) ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களின் கதையிலிருந்து தொடங்குகிறது. போர்க்காலத்தில் ஒருவருக்கு மட்டுமே கப்பல் சீட்டு கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் கப்பலில் வருகிறான். மூத்தவர்கள் இருவரும் நடக்கிறார்கள். சந்திரசேகரன் ஊர் வந்து நீதிபதியாகிறான். ஞானசேகரன் வழியில் பிரிந்து, ஜப்பானியர் தாக்குதலில் ஒரு காலை இழந்து, பிச்சைக்காரனாக வாழ்கிறான்.

நாம் பொதுவாக இப்படத்தை நீதிமன்ற வசனத்துக்காக நினைவுகூர்கிறோம். அகதிக் கதையாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. ஒரே வீட்டில் பிறந்த மூவரை ஒரு கப்பல் சீட்டும் ஒரு நடைபாதையும் மூன்று வர்க்கங்களாகப் பிரித்துவிடுகின்றன. ஞானசேகரன் வெட்டுப்பட்ட காலோடு பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைப்பது வெறும் கதைத் திருப்பம் அன்று. 1940களின் தமிழ்நாட்டுத் தெருக்களில் பர்மா அகதிகள் இருந்தார்கள் என்பதன் தடயம் அது. ஆனால் பாதை மட்டும் படத்தில் விரைந்து கடந்து போகிறது. ஊர் வந்த பிறகு நடந்த அநீதிதான் படத்தின் பொருள். வழியில் நடந்தது முன்கதையாகச் சுருங்கிவிட்டது.

கடலும் படையும்

தென்கிழக்காசியப் போர்க்காலம் என்றதும் தமிழ் வாசகர் நினைப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). மெடானும் பினாங்கும் அதன் களங்கள். அது கடலின் நாவல். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த ஒரு வீரனின் நாவல். பர்மாவில் வளர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' (1982) பர்மா வாழ்க்கைக்கு இடம் தந்தது. ஆனால் அது பரவலாக வாசிக்கப்படவில்லை.

சர்மா போன்ற அகதிகள் 1942இல் நடந்த எல்லைப் பகுதியை நோக்கித்தான் 1944இல் இந்திய தேசிய இராணுவமும் ஜப்பானியரோடு வந்தது. மலேயா ரப்பர் தோட்டத் தமிழர் பலர் அதில் இருந்தனர். 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் கொடி ஏற்றப்பட்டதை நாம் பாடநூலில் கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். இரண்டாண்டுகள் முன்பு அதே மணிப்பூருக்குள் கால் வீங்கி நுழைந்த ஆயுதமற்ற தமிழர்களுக்கு ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை. நடந்த இருவரில், துப்பாக்கி ஏந்தியவனைத்தான் நம் நினைவு தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. சயாம்–பர்மா மரண ரயில் பாதையில் மடிந்த மலேயாத் தமிழர்களைப் பற்றி மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் வந்தன. அங்கே அச்சமூகம் அதே மண்ணில், தன் பள்ளியோடும் பத்திரிகையோடும் தொடர்ந்து வாழ்ந்தது. பர்மாவிலிருந்து நடந்தவர்களோ தத்தம் கிராமங்களுக்குச் சிதறிப் போனார்கள். ஊரில் அவர்கள் 'பர்மாக்காரர்' என்ற பட்டப்பெயராக மட்டும் எஞ்சினார்கள். எழுத்து உருவாவதற்குக் கேட்பவர் கூட்டம் ஒன்று வேண்டும். அவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

மோரே: முடியாத பாதை

இது பழங்கதை என்று மூடிவிடவும் முடியாது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபின், தமிழர்கள் இரண்டாம் முறை வெளியேறினார்கள். இம்முறை பெரும்பாலும் கப்பலில். தமிழ்நாட்டு முகாம்களில் மனம் ஒட்டாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணித் தரைவழியாக எல்லைக்குப் போனார்கள். பர்மா ஏற்கவில்லை. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். தம்முவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேசுவரி கோயிலும் இருக்கிறது. நம் பக்கத்து மேல்மலையனூர் அம்மன்தான் அங்கே எல்லை காக்கிறாள்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் உள்நாட்டுப் போர் மூண்டது. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தம்மு சென்ற தமிழர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே 3 அன்று மணிப்பூரில் இன மோதல் வெடித்தபோது மோரேயிலும் வீடுகள் எரிந்தன. இம்பால் செல்லும் சாலை சிலருக்குத் திறந்ததும் சிலருக்கு மூடியதும் ஆயிற்று. எல்லையோர மக்கள் விசா இன்றிச் சென்றுவரும் ஏற்பாடு கைவிடப்படும் என்று 2024 பிப்ரவரியில் ஒன்றிய உள்துறை அமைச்சர் அறிவித்தார். 1942இல் ஒரு போரால் அகதிகளின் வழியான அதே எல்லை, இப்போது இரண்டு மோதல்களுக்கு நடுவில் இருக்கிறது.

மாணவர்களுக்கு

சர்மாவின் நூலை நிலப்படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்து வாசியுங்கள். போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போனவர்களுக்கு மலைப்பாதையின் தூரம் கிலோமீட்டரில் அடங்காது என்பது தெரியும். அந்த அனுபவத்தோடு பாலேல் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யார் பேசுகிறார், யார் பேசாமல் பக்கத்தில் நடக்கிறார் என்று குறித்துவாருங்கள்.

பிறகு உங்கள் ஊரில் 'பர்மாக்காரர் வீடு' என்று ஏதேனும் இருந்தால் போய்க் கேளுங்கள். நடந்தவர்கள் அநேகமாக இன்று இல்லை. அவர்களிடம் கேட்ட பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. எந்த ஊர் வழியாக வந்தார்கள், என்ன சுமந்து வந்தார்கள், யாரை வழியில் விட்டு வந்தார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். பதிலைக் கேட்டபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். சர்மாவின் நூலுக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் இல்லாதவை அந்தப் பக்கங்கள்தாம்.