திரையில் நந்தனார், நூலில் திருநாளைப்போவார்

பெரியபுராணத்தை ஏடு விரித்து ஓதுமுன்னரே அதன்கண் வரும் அடியார் சிலரைப் பாட்டிலும் நாடகத்திலும் படத்திலும் கண்டு பழகிவிடுதல் இக்காலத்தார் பலர்க்கும் இயல்பாயிற்று. ஆம்பூர்ப் பக்கத்தில் வளர்ந்த எமக்குச் சேக்கிழார் பெருமானிடத்து வழிகாட்டியவர் எந்தப் புலவருமல்லர். 1942ஆம் ஆண்டு ஜெமினியார் வெளியிட்ட 'நந்தனார்' படத்திற் பாடி நடித்த எம். எம். தண்டபாணி தேசிகரே. அப்படம் வெளிவந்து பல்லாண்டு சென்றபின்னரே யாம் அதனைக் கண்டோம். தேவாரத்திற் பழகிய அக்குரல் செவியில் நின்றமையால் நூலைத் தேடினோம். தேடியெடுத்த நூலிலோ யாம் கண்ட நந்தனார் இலர், வேறொருவர் இருந்தார்.

இவ்வேறுபாட்டிற்கு மூலம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என்பது கற்றார் அறிந்ததே. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் எழுந்த அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் சொற்பிழை கண்டு முதலில் தயங்கினார் என்றும், பின்னர்ப் பாட்டின் உருக்கத்திற்கு வயப்பட்டு வழங்கினார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். புலவர் தயங்கியபோதும் நாடு தயங்கவில்லை. கதாகாலட்சேபக்காரரும் நாடகத்தாரும் அதனையே எடுத்தாண்டனர். திரைப்படத்தாரும் அவ்வழியே சென்றனர். 1935ஆம் ஆண்டுப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் தோன்றினர். அவ்வம்மையார் அதற்கு இலட்ச ரூபாய் பெற்றார் என்னும் பேச்சே படத்தினும் நெடுநாள் வாழ்ந்தது!

அவ்வேதியர் யார்? நந்தனாரைத் தில்லைக்குப் போக விடாது தடுக்கும் பண்ணையார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து முடித்தபின் போகலாம் என்பவர். சிவபூதங்கள் ஓரிரவில் அவ்வேலையை முடித்துவிட, அடியான் காலில் வீழ்பவர். சேக்கிழார் வாக்கில் இவருக்கு இடமே இல்லை. கொள்ளிடக்கரை ஆதனூரிற் பிறந்த திருநாளைப்போவார், ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட நிலத்தின் விளைவை உண்டு, தம் தொழிலைத் தாமே செய்து வாழ்ந்தவர். எவரிடத்தும் விடை வேண்டி நின்றாரல்லர்.

அத்தொழில் யாது என்பதே ஈண்டு முதன்மையாகக் கருதற்பாலது. சிவாலயங்கள்தோறும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் இழுத்துக்கட்டும் வாரும் அவர் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். கோயிலின் வாயிலுக்கு அப்பாற் சென்றறியாதவருடைய கைப்பொருள் கோயிலினுள்ளே ஒலித்துக்கொண்டும் மணந்துகொண்டும் இருந்தது. சேக்கிழார் இதனைக் கூறுமுன் அச்சேரியையும் நமக்குக் காட்டுகின்றார். தோல்வார் கிடக்கும் முற்றம். அங்கே நிற்கும் நாய்க்குட்டிகள். மருதமர நிழலிற் சிறுதோல் விரித்துக் குழந்தையை உறங்கவைக்கும் உழத்தி. மாமரத்திலே தொங்கும் பறைகள். சோழன் அமைச்சராயிருந்தவர் அம்முற்றத்தில் நின்று நிதானமாகப் பார்த்திருக்கின்றார். திரையிற் சேரி வருகின்றது. ஆயினும் அத்தோல் வரவில்லை. கீர்த்தனையின் நந்தனார் வயலாளாகவே நம் நெஞ்சிற் பதிந்துவிட்டார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் இப்பாலாற்றுக்கரையில் இருந்து ஓதுவார்க்கு இவ்விடுபாடு சிறிதாகத் தோன்றாது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கி, முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் பின்னாளிற் குரோமியத்திலும் பதப்படுத்தும் தொழில் இங்குப் பல தலைமுறையாக நடக்கின்றது. (ஆற்றுக்கு இதனால் விளைந்த கேட்டை உச்சநீதிமன்றம் 1996இல் எடுத்துரைத்தது, அது தனிப்பேச்சு.) தொட்டியில் இறங்கி உழைப்போருட் பலர் நந்தனார் பிறந்த குலத்தினர். தோலின் நாற்றத்தைச் சொல்லி விலக்கப்பட்டோர்க்கு, அத்தோலையே தொண்டாகக் கண்ட அடியார் ஒருவர் திருத்தொண்டத்தொகையில் உளர் என்பதை நாடகமேடையும் திரையும் சொல்லாமற் போயின. பறைக்குத் தோல் வேண்டும், தோலைத் தந்தவர் வேண்டா என்னும் வழக்கை அச்சில பாடல்கள் எத்துணை நாணச் செய்திருக்கும்!

எனினும் பாரதியாரைக் குறைகூறி அமைதல் நேரியதன்று. சேக்கிழார் கூற்றில், நாளைப்போவேன் நாளைப்போவேன் என்று பயணம் தள்ளிப்போதற்குக் காரணம் அடியாரின் உள்ளத்திலேயே இருக்கின்றது: தம் பிறப்பு அத்தலத்திற்கு ஒவ்வாதென்னும் எண்ணம். அவ்வெண்ணத்தை அவருள் விதைத்தவர் எவர் என்பதைப் புராணம் சுட்டுகின்றிலது. பாரதியார் அதற்கு ஒரு முகம் கொடுத்தார். தடையை அடியாரின் நெஞ்சிலிருந்து பெயர்த்துத் தடுத்தவன் வாயிலில் வைத்தார். நூலிற்கு இது மாறே. வயலில் உழைத்த மக்கள் வாழ்விற்கு மாறன்று. அவ்வேதியர் பாத்திரத்தை வெறுங் கற்பனை என்று தள்ளும் அன்பர்கள், மதுரைக் கோயில் 1939இல் திறக்கப்பட்டபோதும் சென்னை மாகாணத்தில் ஆலயப்பிரவேசச் சட்டம் 1947இல் வந்தபோதும் எதிர்த்து நின்றோர் கற்பனை மாந்தரோ என்பதனைச் சொல்லல் வேண்டும்.

தீப்புகும் கட்டத்தைப் படங்கள் பெரிதாக்கிக் காட்டுதல் இயல்பே. அரங்கிற்கு அஃது ஏற்றது. திருப்புன்கூர் நந்தி விலகுதலும் அவ்வாறே. (வேலூர்க்கு அணித்தாகிய திருவல்லத்தில் நந்தி இறைவனுக்குப் புறங்காட்டி அமர்ந்திருத்தலைக் கண்டார்க்கு, நந்தி தன் இடத்தினின்று பெயர்தல் புதுமையாகத் தோன்றாது.) ஆனால் நந்தி விலகிய பின்னர்த் திருப்புன்கூரிலே அவர் குளம் அகழ்ந்தார் என்பதனைச் சேக்கிழார் மறவாது கூறுகின்றார். தரிசனம் பெற்ற கை உடனே மண்ணை வெட்டப் புகுகின்றது.

படம் பார்த்து நூலுக்கு வரும் இளைஞர்க்கு யாம் கூறுவது இதுவே. தேசிகர் பாட்டைக் கேட்டு வருக. அதனை மறக்க வேண்டா. புராணத்தைத் திறந்தவுடன் தில்லையின் தீயைத் தேடிப் பக்கம் புரட்டாது, ஆதனூர்ச் சேரியின் அம்முற்றத்திலிருந்து மெல்ல ஓதத் தொடங்குக. மருதநிழலில் தோலின்மேல் உறங்கும் அக்குழந்தையைக் கண்டபின் மற்றைப் பாடல்களுக்குச் செல்லலாம்.