விழாவில் வாழும் மூர்கள்

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் அல்கோய் என்றோர் நகர் உண்டு. அங்கே ஆண்டுதோறும் ‘மூர்களும் கிறித்தவர்களும்’ என்னும் விழா மூன்று நாள் நடைபெறுகிறது. நகரத்தார் பக்கத்திற்கு 14 அணிகளாகப் பிரிந்து முதல் நாள் பவனி வருவர். இரண்டாம் நாள் புனித ஜார்ஜுக்கு உரியது. மூன்றாம் நாள், வெடிமருந்துப் புகைக்கிடையே, சதுக்கத்தில் எழுப்பிய கோட்டைக்காகப் போர். காலையில் மூர்கள் கோட்டையைக் கைப்பற்றுவர். பிற்பகலில் கிறித்தவர் மீட்பர். முடிவில் புனிதரின் வேடம் பூண்ட சிறுவன் கோட்டை உச்சியில் தோன்றி அம்பு எய்வான். 1276-இல் அல் அஸ்ரக் என்னும் முஸ்லிம் தலைவன் அந்நகரைத் தாக்கி மாண்டதன் நினைவு இது.

மூர்கள் என்போர் 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த அராபியரும் பெர்பெர் மக்களும் அவர்தம் வழியினரும் ஆவர். 1492-இல் கிரனாடா வீழ்ந்ததோடு அவர்தம் ஆட்சி முடிந்தது. ஆட்சி முடிந்ததேயன்றி வாழ்வு முடியவில்லை. சர்க்கரை, எண்ணெய், பருத்தி, வாய்க்கால் ஆகியவற்றுக்கு ஸ்பானியர் இன்றும் வழங்குபவை அரபுவழிச் சொற்களே. (அரிசிக்கு அவர்கள் வழங்கும் ‘அரோஸ்’ என்பதைக் கண்டதும் நம்மவர் துள்ளுவர், அந்த வழக்கில் நான் இங்குப் புகவில்லை.) வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாயிலில் கூடும் நீர்மன்றத்தின் வேர்களையும் மூர்கள் காலத்திலேயே மரபு காண்கிறது. கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு, வாய்மொழியாகவே விசாரணை நடத்தும் அம்மன்றம் வியப்பூட்டுவது.

இம்மக்கள் ஸ்பானியப் பண்பாட்டின் உள்ளீடா, மேற்பூச்சா? உள்நாட்டுப் போரையொட்டி அயல்நாடுகளில் அடைக்கலம் புகுந்த இரு பேரறிஞர் இதனைப் பற்றி மோதினர். கிறித்தவர், மூர்கள், யூதர் ஆகிய மூவரும் கலந்து வாழ்ந்ததிலேயே ஸ்பானியன் பிறந்தான் என 1948-இல் அமெரிக்கோ காஸ்த்ரோ எழுதினார். அக்கலப்புக்கு முன்னரே ஸ்பானிய இயல்பு உருவாகிவிட்டதென 1956-இல் சாஞ்செஸ் அல்போர்னோஸ் மறுத்தார். என் மனம் காஸ்த்ரோவின் பக்கமே சாய்கிறது. எனினும் மூன்று சமயத்தாரை மையமாக்கிய அவர் கோட்பாட்டில், இந்திய மண்ணினின்றும் மொழி கொண்டுசென்ற கித்தானோக்களுக்கு இடம் சிறிது. அவர்களின்றி ஃபிளமெங்கோ ஏது?

அல்கோய் விழா காஸ்த்ரோவுக்குச் சான்றாகுமா? பாதியளவே ஆகும். மூரின் பட்டாடையையும் முரசையும் அது போற்றிக் காக்கிறது. ஆனால் அவனைப் பகைவனாக மட்டுமே அறிகிறது. அண்டை வீட்டானாக வாழ்ந்த மூர் விழாவில் இல்லை. அவனைக் காணச் செர்வாண்டிஸிடம் செல்லவேண்டும்.

1609 முதல் 1614 வரை, திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவராகிவிட்ட மூர் வழியினரான மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை அரசு நாடு கடத்தியது. அடுத்த ஆண்டே, 1615-இல், ‘டான் குவிக்சாட்’ இரண்டாம் பாகம் வெளிவந்தது. இக்கதையை முதலில் எழுதியவன் ஓர் அரபு வரலாற்றாசிரியன் எனச் செர்வாண்டிஸ் விளையாட்டாகக் கூறுவதும் நினைக்கத்தக்கது. அதன் 54-ஆம் இயலில், அயல்நாட்டு யாத்திரிகர் கூட்டத்தில் ஒருவன் சாஞ்சோவைக் கட்டித் தழுவுகிறான். அவன் சாஞ்சோவின் ஊரில் கடை வைத்திருந்த மொரிஸ்கோ, ரிக்கோட்டே. பிழையற்ற காஸ்த்திலிய மொழியில் பேசுகிறான். புல்தரையில் விரித்த உணவில் பன்றித்தொடை எலும்பும் உண்டு. எல்லாரினும் பெரிய மதுப்பை ரிக்கோட்டேயுடையது. தம்மை விரட்டிய ஆணையை அவனே நியாயமென்கிறான். பிறந்த மண்ணை நினைந்து கலங்கவும் செய்கிறான். ஆணையைப் புகழ்வது செர்வாண்டிஸின் உள்ளக்கருத்தா, அக்காலத்துக்கு அஞ்சிய முகமூடியா என்று ஆய்வாளர் வழக்காடுவர். அந்த எலும்பும் மதுவும் போதாவா? சமயத்தாலும் மொழியாலும் உணவாலும் தன்னவனாகிவிட்டவனையே நாடு துரத்தியது என்பதற்கு வேறென்ன வேண்டும்!

புதைத்த பொருளை மீட்க உதவுமாறு ரிக்கோட்டே வேண்டுகிறான். அது மன்னனுக்கு இழைக்கும் துரோகம் எனச் சாஞ்சோ மறுக்கிறான். ஆயினும் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை எனச் சொல்லிப் பிரிகிறான். பின்னர் பார்சலோனாவில் ரிக்கோட்டேயும் அவன் மகளும் ஒன்றுசேர, அவர்களை நாட்டிலேயே இருத்தச் சில பெரியோர் முயல்கின்றனர். அம்முயற்சி நிறைவேறியதா என்பதைச் செர்வாண்டிஸ் எழுதவில்லை.