கீழே இருந்தவர்கள் யார்?
கப்படோக்கியச் சுற்றுலா என்கிற பிரதி

சுற்றுலா வழிகாட்டியின் பேச்சை ஓர் எடுத்துரைப்பு வகையாக நாம் இதுவரை பொருட்படுத்தியதில்லை. கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு, கூத்தில் கட்டியங்காரன் பேச்சு பற்றியெல்லாம் எழுதித் தள்ளியாயிற்று. தினமும் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிகிற, ஆள் மாறினாலும் வரி மாறாத இந்த நிகழ்த்துதலை மட்டும் சும்மா தகவல் என்று விட்டுவிடுகிறோம். கதாகாலட்சேபம் கேட்க உட்காருகிறவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். பாகவதர் எங்காவது தாண்டிக் குதித்தால் கூட்டத்தில் ஒரு கிழவி பிடித்துவிடுவாள். டூர் வேனில் அந்தக் கிழவி இல்லை. கேட்பவன் ஒரே ஒருமுறைதான் வருகிறான், அதுவும் ஒரு பகலுக்கு. இந்த வகையின் முழு இலக்கணமும் இந்த ஒரு சௌகரியத்தின்மேல் நிற்கிறது.

துருக்கியின் நடுப்பகுதியான கப்படோக்கியாவில் ஒருநாள் டூர்களுக்கு நிறத்தை வைத்துப் பெயர். நான் போனது பச்சை டூர். கோரெமேக்கு மேலே ஒரு காட்சிமுனை, தெரின்குயு நிலத்தடி நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கில் நாலு கிலோமீட்டர் நடை, பெலிசிர்மாவில் ஆற்றங்கரைச் சாப்பாடு, செலிமே பாறைக் கட்டடங்கள், புறாப் பள்ளத்தாக்கு, நடுவில் தப்பிக்கமுடியாத ஒரு நகைக்கல் கடை. ஹசன், எர்ஜியஸ் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகிய கல்தான் இந்த நிலம். சாதாரண உளியாலேயே குடைந்துவிடலாம். காற்றுப் பட்டதும் மேல்தோல் இறுகிக்கொள்ளும். மழையும் ஆறும் அரித்து மிச்சம்வைத்த கூம்புகளை மனிதர்கள் உள்ளே அரித்து வீடும் கோயிலும் தொழுவமும் ஆக்கினார்கள். இயற்கையைப் பற்றி வழிகாட்டி சொன்னதில் எனக்குப் புகார் ஏதுமில்லை. மனிதர்கள் வந்த இடத்திலிருந்துதான் சிக்கல்.

அவர் கதையில் திரும்பத் திரும்ப வந்த வினைச்சொல் ஒன்றே ஒன்று: ஒளிந்தார்கள். ரோமானியருக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் ஒளிந்தார்கள். அரபுப் படைகளுக்குப் பயந்து ஒளிந்தார்கள். கோரெமே என்றாலே 'நீ பார்க்கமுடியாது' என்று அர்த்தம், ஒளிந்த இடம், அதனால் அந்தப் பெயர் என்றார். துருக்கி வினைச்சொல்லை வைத்துக் கட்டிய நாட்டார் சொற்பிறப்பு இது. துருக்கி மொழி இங்கே வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஹீரோன் என்ற புனிதரின் கிரேக்க வரலாற்றில், கோரமா என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. நம்மூர்த் தலபுராணங்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றன, அதில் தப்பில்லை. எந்தக் கதையை நிலைநிறுத்த எந்தச் சொல்லை உடைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒளியவே இல்லை என்று வாதிடவரவில்லை. தெரின்குயுவுக்குள் குனிந்து இறங்கினால், பாதையை உள்ளேயிருந்து உருட்டி அடைக்கிற அம்மிக்கல் மாதிரியான வட்டக்கற்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து அசைக்கமுடியாது. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுவரை இந்த எல்லைப்புறத்தில் படையெடுப்பு வருஷாந்திரச் சங்கதி. ஆனால் படையெடுத்து வந்த அரபியர் இந்தப் பிரதேசத்துக்கு வைத்த பெயரே 'மதாமீர்'. நிலத்தடித் தானியக் குழிகள் என்று பொருள். எதிரியின் கண்ணுக்குக்கூட இது முதலில் களஞ்சியமாகத்தான் பட்டிருக்கிறது. திராட்சை மிதித்த தொட்டி, மாடு கட்டின இடம், கிணறு, ஜாடி இறக்கிவைத்த குழி என்று உள்ளே பார்க்கிறவை முக்கால்வாசி அன்றாடத்தின் சாமான்கள். கைடும் அவற்றைக் காட்டத்தான் செய்தார். காட்டிவிட்டு, இருபதாயிரம் பேர் மாதக்கணக்கில் இங்கேயே வாழ்ந்தார்கள் என்றார். அந்த இருபதாயிரத்துக்கு எந்த ஆவணமும் கிடையாது. வாழ்ந்தார்கள் என்று சொன்னால்தான் அது 'நகரம்' ஆகும். நிலவறைகளின் தொகுதி என்று சொன்னால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

செனோபனின் பெயரும் அடிபட்டது. கி.மு. நாலாம் நூற்றாண்டிலேயே அவர் இந்த இடத்தைப் பற்றி எழுதிவிட்டாராம். பல துண்டுப்பிரசுரங்களிலும் இது இருக்கிறது. அனபாசிஸை எடுத்துப் படித்தால் நிலத்தடி வீடுகள் வரத்தான் செய்கின்றன. வாய் கிணற்றைப்போலக் குறுகி, உள்ளே அகன்ற வீடுகள், ஆடுமாடுகளும் உள்ளேயே, நாணல் குழலால் உறிஞ்சிக் குடிக்கிற பார்லி மது. ஆனால் அந்த ஊர் இங்கே இல்லை. கிரேக்கக் கூலிப்படை பாரசீகத்திலிருந்து திரும்பும் வழியில், பனிக்காலத்தில் ஆர்மீனியாவில் தங்கிய கிராமம் அது. கிழக்கே வெகுதூரம். தெரின்குயு என்றால் துருக்கியில் 'ஆழ்கிணறு'. கிணறு என்ற ஒற்றைச் சொல்லின் ஒப்புமையை வைத்து ஒரு பிரதியைப் பிடுங்கி இன்னொரு நிலத்தில் நட்டிருக்கிறார்கள். இதில் இரட்டை லாபம். இடத்துக்குத் தொன்மை கிடைக்கிறது. அதோடு, நிலத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் ரொம்ப ரொம்பப் பழைய ஆட்கள் என்பது உறுதிப்படுகிறது.

இரண்டாவது லாபம்தான் விஷயம்.

தெரின்குயு 'கண்டுபிடிக்கப்பட்ட' கதையை எல்லாரும் சொல்கிறார்கள். 1963இல் ஒருவர் தன் வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரை இடித்தார், பின்னால் ஓர் அறை, அதன் பின்னால் இன்னோர் அறை, அப்படியே 85 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நகரம். சிலிர்ப்பான கதைதான். இதைக் கேட்டதும் ஆயிரம் வருஷ இருட்டு நம் மனசில் விழுகிறது. உண்மையில் அந்த இருட்டுக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. தெரின்குயுவின் பழைய பெயர் மலகோபி. அங்கே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தார்கள், 1920கள்வரை. ஆர்.எம். டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1909 தொடங்கி இந்தக் கிராமங்களில் களப்பணி செய்து, ஆசியா மைனரின் கிரேக்கப் பேச்சுமொழி பற்றி 1916இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் வருகிற செய்தி: 1909இல் அதானாவில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்ட தகவல் வந்தபோது ஆக்ஸோ என்ற கிராமத்தில் பெரும்பாலான ஜனங்கள் நிலத்தடி அறைகளுக்குள் இறங்கிவிட்டார்கள், சில இரவுகள் தரைக்கு மேல் படுக்கத் துணியவில்லை.

அரபுப் படைகள் இல்லை, ரோமானியர் இல்லை. தந்தியும் ரயிலும் வந்துவிட்ட காலம். கடைசியாக ஒளிந்தவர்கள் நம் பாட்டன் காலத்து ஆட்கள். வழிகாட்டியின் பிரதி 'ஒளிந்தார்கள்' என்ற வினையை இத்தனை தடவை உச்சரித்தும் இந்த ஒரு ஒளிதலை மட்டும் உச்சரிக்கவில்லை. பிரதியின் மௌனம் என்று நாம் சும்மா சொல்லிப் பழகிய வார்த்தைக்கு இதைவிடக் கறாரான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

"அப்புறம் அந்தக் கிறிஸ்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்று வேனில் வந்த ஓர் அம்மாள் கேட்டார். "போய்விட்டார்கள்" என்றார் கைடு. தமிழ் இலக்கணத்தில் போதல் தன்வினை, போக்குதல் பிறவினை. 1923 ஜனவரி 30 அன்று லொசானில் கிரீஸும் துருக்கியும் போட்ட ஒப்பந்தம் பிறவினை. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகப் போகவேண்டும். இஸ்தான்புல், மேற்கு திரேஸ் போன்ற விலக்குகள் உண்டு. அந்தப் பக்கம் ஏறத்தாழ 12 லட்சம் பேர், பெரும்பகுதி போரிலேயே ஓடிவந்துவிட்டவர்கள். இந்தப் பக்கம் மூன்றரை லட்சத்துக்கும் மேல். கப்படோக்கியாவில் சண்டை நடக்கவில்லை. அங்கிருந்தவர்களை 1924இல் வரிசையாக மூட்டை கட்டச் செய்தார்கள்.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை மொழியை வைத்துப் பிரிக்கவில்லை, மதத்தை வைத்துப் பிரித்தார்கள். இந்தப் பகுதியின் ஆர்த்தடாக்ஸ்காரர்களில் மிகப் பலருக்குத் தாய்மொழி துருக்கி. கரமன்லி என்று இவர்களைச் சொல்வார்கள். துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள், அச்சடித்தார்கள், கல்லில் வெட்டினார்கள். அரபுத் தமிழ் தெரிந்த நமக்கு இது புரியாத சங்கதியில்லை: எழுத்து ஒரு மதத்துக்கும் நாக்கு இன்னொன்றுக்கும் விசுவாசமாக இருப்பது. தேசம் என்கிற பெருங்கதையாடலுக்குத்தான் இது புரியவில்லை. கிரீஸில் போய் இறங்கியவர்களின் வாயில் துருக்கி. கிரேக்கம் பேசிய சிலரின் கிரேக்கமோ துருக்கியோடு கலந்து, ஒட்டு ஒட்டாகச் சேர்த்துச் சொல்லாக்குகிற மொழி. டாக்கின்ஸ் பதிவுசெய்த அந்த மொழி 1960களோடு செத்துவிட்டது என்று மொழியியலாளர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். 2005இல் மார்க் யான்சே, திமித்ரிஸ் பாபஸகரியு என்ற இரு ஆய்வாளர்கள் கிரீஸில் அதைப் பேசுகிறவர்களைக் கண்டார்கள். கண்டுபிடிப்பு என்ற சொல்லை நியாயமாக இதற்கு வைத்திருக்கவேண்டும்.

நிலத்தடி நகரத்திலிருந்து சிறிது தூரத்திலேயே, தெரின்குயு ஊருக்குள், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய கிரேக்கத் தேவாலயம் நிற்கிறது. பாறைக்குள் குடைந்ததில்லை, தரைக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி, வெட்டுக்கல்லில். சுல்தானின் ஆட்சியில் பகிரங்கமாகக் கோயில் கட்டி வாழ்ந்த ஒரு சமூகம் அது. எங்கள் வேன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரமில்லை என்பது காரணம். நகைக்கல் கடையில் நாற்பது நிமிஷம் இருந்தோம்.

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் 'மித்தாலஜீஸ்' தொகுப்பில், நீலநிற அட்டை போட்ட பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். நிலத்திலிருந்து மனிதர்களைக் காலிசெய்துவிட்டு நினைவுச்சின்னங்களை மட்டும் மிச்சம்வைக்கிறது அந்தப் புத்தகம் என்பது அவர் வாதம். கப்படோக்கியாவில் இதை ஆரம்பித்துவைத்தது டூர் கம்பெனி இல்லை, புலமைதான். கியோம் தெ ஜெர்ஃபனியன் என்ற பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார் பல்லாண்டு உழைத்துப் பாறைத் தேவாலயங்களின் ஓவியங்களை ஆவணப்படுத்தினார். அவர் உழைப்பு இல்லாவிட்டால் இன்று நமக்குப் பல சுவர்கள் இல்லை. ஆனால் ஓவியம் உள்ள குகைதான் கண்ணில் பட்டது. சமையலறை பட்டது குறைவு. விளைவு, முற்றமும் கூடமும் உள்ள ஒவ்வொரு பாறைக் கட்டடமும் 'மடாலயம்' ஆனது. செலிமேயில் எங்களுக்கும் மடாலயம் என்றுதான் சொன்னார்கள், கூடவே புகழ்பெற்ற விண்வெளிப் படம் ஒன்று இங்கே எடுக்கப்பட்டதாக ஒரு பொய்யும். தாமஸ் மாத்யூஸ், வெரோனிகா கலாஸ், ராபர்ட் ஊஸ்டர்ஹௌட் ஆகியோர் 1990கள் தொட்டு வேறு மாதிரி வாசிக்கிறார்கள்: இவற்றில் பல பைசாந்திய நிலப்பிரபுக்களின் மாளிகைகள். செலிமேயின் அகன்ற கூடமும் தொழுவமும் பெரிய சமையலறையும் துறவிகளுக்கு எதற்கு? ஓடி ஒளிந்த ஏழைத் துறவி என்கிற பிம்பத்துக்குப் பதில் குதிரை வைத்திருந்த பண்ணையார் வந்துவிட்டால் கதையின் பரிதாபம் குறைந்துவிடும்.

சரி, எதிர் உதாரணம் ஒன்று சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெலிசிர்மாவில் மெலெந்திஸ் ஆற்றுத் தண்ணீர்மேல் பலகை போட்டு மீன் பரிமாறுகிறார்கள். ஊரின் பாறைச்சரிவில் கிர்க்தாமால்தி என்ற புனித ஜார்ஜ் தேவாலயம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த அதன் சுவரில் கொடையாளி தம்பதி நிற்கிறார்கள்: தமார், பசில். கிறிஸ்தவரான பசில் தலைப்பாகையும் கஃப்தானும் அணிந்திருக்கிறார். கல்வெட்டில் செல்ஜுக் சுல்தான் மசூதின் பெயரும் பைசாந்தியப் பேரரசர் ஆந்த்ரோனிகோஸின் பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஒளிதல் கதையும் துரத்துதல் கதையும் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போகிற சுவர் இது. மீன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரையும் கூட்டிப்போகவில்லை, நான் தனியாக ஏறிப் பார்த்துவிட்டு ஆறிப்போன மீனைச் சாப்பிட்டேன்.

கைடைக் குற்றவாளியாக்கி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம், சுலபம். துருக்கியில் உரிமம் பெற்றால்தான் வழிகாட்டியாக முடியும். அவர் பரீட்சை எழுதித் தேறியவர், பாடத்தை ஒப்பிக்கிறார். சாயங்காலம் புறாப் பள்ளத்தாக்கில் டீ குடிக்கும்போது 1924 பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் தாத்தாவின் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். கிரீஸிலிருந்து" என்றார். வந்து இறங்கியபோது அவர் வீட்டில் துருக்கி சரியாகப் பேச வராதாம். "இதையெல்லாம் டூரில் சொல்லலாமே" என்றேன். "ஆட்கள் லீவில் வருகிறார்கள் சார்" என்று சிரித்தார். எடுத்துரைப்பவனே தன் எடுத்துரைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கிறான். அதிகாரம் எங்கிருந்து பேசுகிறது என்று கேட்டால் இந்த மனிதரைக் கைகாட்ட எனக்கு மனசு வரவில்லை.

துருக்கி முஸ்லிம் குடியானவர்களுக்கும் இந்தப் பிரதியில் இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜெல்வே பாறைக் கிராமத்தில் கிறிஸ்தவர்கள் போன பிறகும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். பாறை சரிகிறது என்று 1952இல் அவர்களைக் காலிசெய்து பக்கத்தில் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். பழைய ஊர் இப்போது அருங்காட்சியகம். அங்கே சுவரில் இருக்கிற கரியில் பைசாந்தியம் எவ்வளவு, 1952க்கு முந்தைய ரொட்டி அடுப்பு எவ்வளவு என்று யார் பிரிப்பது? 1985இல் யுனெஸ்கோ பட்டியல் வந்தது. குகைகள் விடுதிகள் ஆயின. 2014இல் நெவ்ஷெஹிர் கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளை நகர மறுசீரமைப்புக்காக இடித்தபோது இன்னொரு நிலத்தடி நகரம் 'கண்டுபிடிக்கப்பட்டது'. 2019இல் கோரெமேயின் தேசியப் பூங்கா அந்தஸ்தையே ஆணை போட்டு நீக்கி, பிரதேசத்தைத் தனிச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

கோரெமேக்குப் பக்கத்தில் ஒர்தாஹிசார் என்று ஓர் ஊர். அங்கே இன்றைக்கும் பாறைக்குள் குடைந்த கிடங்குகளில் எலுமிச்சம்பழம் சேமிக்கிறார்கள். தெற்கே மத்தியதரைக் கடற்கரையில் விளைந்தது லாரியில் வந்து இறங்குகிறது. குளிரூட்டும் இயந்திரம் வேண்டாம், பாறையின் குளிர்ச்சி போதும், மாதக்கணக்கில் கெடாது. கிடங்கு வெட்டுகிற வேலையும் நடக்கிறது. பச்சை டூரிலும் சிவப்பு டூரிலும் அது கிடையாது.