உழைப்பாளர் என்ற பெயரில்: ராமசாமி படையாட்சியின் தேர்தல் பாதை

பழமைவாதம் என்றதும் நமக்கு ராஜாஜியும் 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சியும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அதற்கென்று ஒரு முகத்தை வரைந்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாரையும் 'பிற்படுத்தப்பட்டோர் எழுச்சி' என்ற பெரிய கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். தென்னாற்காட்டு அரசியல் பற்றி எழுதும் தோழர்களோடு எனக்குள்ள முதல் சண்டை இது. இங்கே பழமைவாதம் உழைப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டு வந்தது. திண்டிவனம் தொகுதியிலிருந்து இரண்டு முறை நாடாளுமன்றத்துக்குப் போன எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் தேர்தல் வரலாற்றை அந்தக் கோணத்தில்தான் நான் வாசிக்கிறேன்.

1918இல் பிறந்த கடலூர்க்காரர். 1951இல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. அடுத்த ஆண்டு தேர்தல் முடிவு வந்தபோது அவரோடு சேர்த்து 19 சட்டமன்ற உறுப்பினர்கள், 4 மக்களவை உறுப்பினர்கள். வடக்கே எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 பேர், மக்களவையில் 3 பேர். 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். முப்பத்துமூன்று வயதுக்காரர் ஒருவருக்கு இது சாதாரண வெற்றியல்ல. எண்ணிக்கையில் பெரிய ஒரு சமூகத்துக்குப் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலிலும் இடம் இல்லாதிருந்தது என்ற கோபம் முழுக்க நியாயமானது. அதை நான் மறுக்க வரவில்லை.

கேள்வி, அந்தக் கோபத்துக்கு எந்த மொழி கொடுக்கப்பட்டது என்பது. குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கிய காலம் முதலே 'எங்களை க்ஷத்திரியர் என்று எழுது' என்று மனுப் போட்ட இயக்கத்தின் வாரிசுதான் இந்தக் கட்சி. ஒரு கையில் க்ஷத்திரியப் பட்டம், இன்னொரு கையில் உழைப்பாளர் பலகை. க்ஷத்திரியன் என்றால் மேலே ஏறணும், கீழே ஒருத்தன் இருக்கணும். உழைப்பாளி என்றால் பக்கத்து வயலில் குனிந்து நிற்கும் பறையரும் சேர்ந்துதான். இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்?

1952இல் கடலூர் மக்களவைத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் உழைப்பாளர் கட்சியின் என்.டி. கோவிந்தசாமி கச்சிராயர் வென்றார். தனி இடத்தில் காங்கிரசின் எல். இளையபெருமாள். கச்சிராயர் என்பது விருத்தாசலத்துக்குப் பக்கம் முகாசாபரூர் பாளையக்காரர்களின் பட்டம். உழைப்பாளர் பேரில் கேட்ட ஓட்டு அப்படியொரு பட்டப்பெயரை டில்லிக்கு அனுப்பியது என்பதை நம் ஆய்வாளர்கள் யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. தேசிய அளவில் தீண்டாமை பற்றி விசாரித்த குழுவுக்குப் பின்னாளில் (1965) தலைமை ஏற்றவர் இளையபெருமாள். 1969இல் வந்த அந்த அறிக்கை படிக்கப்பட்டதைவிடக் கிடப்பில் கிடந்ததே அதிகம். ஒரே தொகுதி, ஒரே தேர்தல். இரட்டை உறுப்பினர் முறையை 1961இல் எடுத்துவிட்டார்கள். சேரியும் ஊரும் சேர்ந்து இரண்டு பேரை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு போயிற்று.

1952இல் தி.மு.க. தேர்தலில் நிற்கவில்லை, திராவிட நாட்டுக் கோரிக்கையைச் சபையில் ஆதரிப்பதாக எழுதிக் கொடுத்தவர்களை ஆதரித்தது. இந்த இரண்டு கட்சிகளும் அப்படி ஆதரவு வாங்கியவைதாம். பிறகு? மாணிக்கவேலு அதே ஆண்டு ராஜாஜி அமைச்சரவையில். குலக்கல்வி எதிர்ப்பில் ராஜாஜி விலகியபின், 1954இல் படையாட்சி காமராஜர் அமைச்சரவையில், உள்ளாட்சித் துறை. கட்சி கலைந்தது.

நான் இருக்கும் விருத்தாசலத்தில் பீங்கான் வார்க்கிறவர்களுக்கு இது புரியும். பிளாஸ்டர் அச்சுல களிமண் கூழை ஊத்துனா, அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும்; ஓரமா ஒட்டுன மண்ணு அச்சோட உருவத்துல இறுகிடும்; மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிருவாங்க. காங்கிரஸ் அப்படியொரு அச்சு. ஒட்டியது தலைமை. கொட்டப்பட்டது கூலிக்காரர்கள். "அவரு மந்திரியானதே நம்ம சனத்துக்குப் பெருமைதானே" என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். பெருமைதான், ஆனால் கட்சியின் பெயர் பெருமையாளர் கட்சி இல்லையே.

நியாயமாகச் சொன்னால், மாணிக்கவேலு வருவாய் அமைச்சராக இருந்த காலத்தில்தான் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் ஓட்டைகள் ஊரறிந்தவை. ஆனாலும் நிலம் என்ற சொல்லையாவது அது அரசு ஏட்டில் ஏற்றியது. உழைப்பாளர் கட்சிக்காரர்களில் ஏ. கோவிந்தசாமி தி.மு.க. பக்கம் போனார், 1967இல் அண்ணா அமைச்சரவையில் விவசாய மந்திரி. ஒரே கட்சியிலிருந்து இரண்டு பாதை. இரண்டும் கோட்டையில்தான் போய் முடிந்தன.

படையாட்சி நாடாளுமன்றத்துக்குப் போனது 1980இல், இந்திரா காங்கிரஸ் வேட்பாளராக. அப்போது கூட்டணி தி.மு.க.வோடு, 39இல் 37 இடம். 1984இல் மறுபடி அதே தொகுதி, கூட்டணி அ.தி.மு.க.வோடு, மறுபடி 37. இந்த இரண்டு அலையில் எந்தப் பெயர் நின்றிருந்தாலும் கரை ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. 1952இல் அவர் ஓட்டைக் கொண்டுவந்தார். 1980இல் ஓட்டு அவரைக் கொண்டுபோயிற்று. பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.

இதன் விலை 1987 செப்டம்பரில் தெரிந்தது. இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் செத்தார்கள். அதே நாட்களில் தலித் குடிசைகள் எரிந்தன. வன்னியருக்கென்று முதல் கட்சி கண்டவர் அப்போது ஆளும் காங்கிரசின் மக்களவை உறுப்பினர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் எழுப்பிய அதே கணக்கு, அவர் இல்லாமலே தெருவுக்கு வந்தது. குடிசைகளுக்குத் தீ வைத்தவன் கையில் இருந்தது அந்தப் பழைய க்ஷத்திரியப் பட்டம். 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதம் வந்தது, பா.ம.க. பிறந்தது. 1992இல் படையாட்சி இறந்தார்.

அதன் பிறகு மண்டபங்களின் காலம். 2019இல் அ.தி.மு.க. அரசு கடலூர் மஞ்சக்குப்பத்தில் படையாட்சிக்கு நினைவு மண்டபம் திறந்தது. 2025 ஜனவரியில் தி.மு.க. அரசு விழுப்புரத்தில் கோவிந்தசாமிக்கும், 1987இல் இறந்த 21 பேருக்கும் திறந்தது. நடுவில் 2021இல் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய கடைசி நேரத்தில் 10.5 சத உள்ஒதுக்கீடு. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆட்சி எதுவானாலும் பேச்சு சதவிகிதத்திலேயே நிற்கிறது. எங்கள் செராமிக் தொழிற்பேட்டையில் சூளைக்கு முன்னால் வேகிறவர்களில் ஊர்க்காரரும் உண்டு, காலனிக்காரரும் உண்டு. இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து உழைப்பாளர் என்று கூப்பிட்டு ஓட்டுக் கேட்டு வந்த ஒரு மேடையை நான் இந்த ஊரில் இதுவரை பார்த்ததில்லை.