கனத்த கைகளும் கட்டாத கைகளும்

'பரம்பரைகளும் தரமும்' என்று தலைப்பும் கொடுத்து, கட்டுரையும் கேட்டிருக்கிறார்கள் நம் கழக மலர்க் குழுவினர். மூத்தவர்கள் பலர் இருக்க என்னிடம் கேட்டது அவர்களுடைய பெருந்தன்மை. "யார் மனசும் நோகாம எழுதுங்க" என்று தலைவர் ஐயா போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். முயல்கிறேன்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரை வரலாற்றை நம் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021இல் பா. இரஞ்சித் படம் வந்த பிறகு வில்லியனூர் டீக்கடையிலேயே அதை விளக்குகிறார்கள். பாதி தப்பாக விளக்குகிறார்கள் என்பது வேறு விஷயம். கித்தேரி முத்துவும் டைகர் நாட் டெர்ரியும் மோதியதை நேரில் பார்த்த தலைமுறை இன்று இல்லை. நாக் அவுட் ஆறுமுகத்தின் காலத்தைப் பற்றிச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே தங்கிப்போன கன்போட் ஜாக்கைப் பற்றி ராயபுரத்துப் பெரியவர்கள் சொன்னதை எங்கள் வாத்தியார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எந்தப் பரம்பரை பெரியது என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. நாங்கள் சார்பட்டா வழி. அதனால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று இடியப்ப நாயக்கர் வழி அன்பர்களுக்கே தெரியும்.

நம் புதுச்சேரிக் கொம்யூன்களில் சிலம்பத்துக்குக் கூடங்கள் உண்டு, ஆசான்கள் உண்டு. பாக்ஸிங் எங்களுக்கு வந்தது ஒரே ஒரு மனிதர் மூலமாகத்தான். அச்சில் தன் பெயர் வரக் கூடாது என்பது அவர் கட்டளை. வாத்தியார் என்றால் போதும், யார் என்று உங்களுக்குத் தெரியும். முதலியார்பேட்டை ஆலையில் ஷிப்டு முடித்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு சைக்கிளில் வில்லியனூர் வருவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே எங்களைப் பாகூர் ஏரிக்கரையில் ஓடவிடுவார்.

சேர்ந்த புதிதில் கிளவுஸைத் தொடக்கூட விடமாட்டார். கை கட்டத்தான் பழக வேண்டும். பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்த துணி. கட்டைவிரலில் காது மாட்டி, புறங்கை வழியாக இறக்கி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தடவை விட்டு எடுத்து, மறுபடி மணிக்கட்டில் முடிச்சு. முடித்ததும் கையை மூடச் சொல்வார். தன் கட்டைவிரலால் முட்டி மேல் அழுத்திப் பார்ப்பார். துணி நகர்ந்தால், "அவுரு". உள்ளங்கையில் துணி தடித்து விரல் மடங்காவிட்டாலும், "அவுரு". இறுக்கத்தில் விரல் நுனி வெளுத்தாலும் அதே சொல்தான். பயிற்சி முடிந்தால் துணியைத் துவைத்துக் காயவைத்துச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். சுருட்டாமல் வந்தவனுக்கு அன்றைக்கு ஸ்கிப்பிங் மட்டும்.

இப்போது கனரகத்துக்கு, அதாவது ஹெவிவெயிட்டுக்கு, வருகிறேன். தரம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

1980இல் முகமது அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். ஹெவிவெயிட் என்றால் அமெரிக்கா என்று உலகமே நம்பிய காலம் அது. டைசன், ஹோலிஃபீல்டு வரை அந்த நம்பிக்கை ஓடியது. ஒலிம்பிக் கனரகத்தில் அமெரிக்காவுக்குக் கடைசித் தங்கம் 1988 சியோலில் ரே மெர்சர் வாங்கியது. அப்புறம் உக்ரைனின் கிளிச்கோ சகோதரர்கள் பத்தாண்டுக்கு மேல் பட்டங்களைக் கையில் வைத்திருந்தார்கள். 2015இல் இங்கிலாந்தின் டைசன் ஃப்யூரி இளையவரை வென்றார். 2024 மே மாதம் அந்த ஃப்யூரியையும் வென்று எல்லாப் பட்டங்களையும் ஒருசேர வாங்கியவர் உசிக், அவரும் உக்ரைன்காரர். இடையில் டியான்டே வைல்டர் ஐந்து வருடம் ஒரு பட்டத்தை வைத்திருந்தார் என்பது உண்மை. அவர் ஒருவரை வைத்துப் பழைய காலம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெரிய உடம்போடு வளரும் பையனைக் கல்லூரியே உதவித்தொகை கொடுத்துக் கூடைப்பந்துக்கும் அவர்கள் ஊர்க் கால்பந்துக்கும் கூட்டிக்கொள்கிறது. அடி வாங்கிக் கற்கும் தொழிலுக்கு அவன் ஏன் வரப்போகிறான்?

நம் நாட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். பட்டாளத்துக்காரர் ஹவா சிங் 1966, 1970 என இரண்டு ஆசிய விளையாட்டிலும் கனரகத் தங்கம் வாங்கினார். தேசியப் பட்டத்தைப் பதினொரு முறை தொடர்ந்து வைத்திருந்தார். அடுத்து 1982இல் டெல்லியில் கவுர் சிங், அவரும் ராணுவம். அதோடு நின்றது, இன்றுவரை ஆசிய விளையாட்டில் கனரகத் தங்கம் நமக்கு வரவில்லை. 2023இல் நரேந்தர் வெண்கலம் வாங்கியதே பெரிய ஆறுதல். நம் தமிழ்ப் பிள்ளைகள் கனரகப் பக்கம் அதிகம் போனதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன முனுசாமி வேணுவும், 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜனும் இலகு எடைக்காரர்கள். ஹவா சிங்கின் ஊரான பிவானி, வீடு வீடாகப் பாக்ஸர்களை வளர்க்கிறது. நம்மிடம் தொண்ணூறு கிலோ பையன் ஒருவன் தட்டுப்பட்டால் முதலில் அவனைக் கபடிக்காரர்கள் பார்க்கிறார்கள். 85 கிலோவைத் தாண்டினால் அங்கேயும் இடமில்லை. பிறகு ஜிம், அப்புறம் டவுன் பார் வாசலில் பவுன்சர். கை ஓங்காமலே மாதச் சம்பளம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பி நம்மிடம் வந்தாலும் அவனோடு ஸ்பாரிங் செய்ய இன்னொரு தொண்ணூறு கிலோ வேண்டாமா? அறுபது கிலோ பையனை எதிரே நிறுத்தினால் இருவருக்கும் கெடுதல்: ஒருவன் கையை அடக்கப் பழகுகிறான், மற்றவன் ஓடப் பழகுகிறான்.

அதனால் என்ன நடக்கிறது? நம் போட்டிகளில் கனரகத்துக்கு இரண்டே பெயர். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் சாம்பியன். மணி அடிக்காமலே தங்கம். யார் என்று சொல்ல மாட்டேன். தலைவர் ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தேர்த் திருவிழாவுக்கு வில்லியனூர் தேரடியில் வைத்த பேனரில், வாழ்நாளில் ஒரு ரவுண்டுகூட முழுசாக ஆடாதவர் 'குத்துச்சண்டைச் சிங்கம்' என்று நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். சான்றிதழ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவும் என்கிறார்கள். உதவட்டும், பிள்ளைகள் பிழைக்கட்டும்.

நான் பொறுக்க மாட்டாதது வேறொன்று. அந்தச் சாம்பியன் கை கட்டத் தெரியாதவர். ஜெல் வைத்துத் தைத்த உள்ளுறை ஒன்று கடையில் கிடைக்கிறது. சாக்ஸ் போல மாட்டிக்கொண்டு பேக்கில் குத்துகிறார்கள். கேட்டால் நேரம் மிச்சமாம். எந்த நேரம்? மிச்சப்பட்ட பத்து நிமிடத்தில் செல்போனில் ரீல்ஸ் எடுக்கிறார்கள். மணிக்கட்டு பிடிமானம் இல்லாதவன் ஹூக்கை முழுசாக விடமாட்டான். ஹூக் இல்லையென்றால் எதிரி கார்டைத் தூக்க வேண்டியதில்லை. கார்டு தூக்கத் தெரியாத ஒரு தலைமுறையே நம் கண்ணெதிரே வளர்ந்துவிட்டது. கால் ஆட்டம் போனது, ஜாப் போனது, தோற்றால் வாத்தியாரின் முகத்தைப் பார்க்கக் கூசும் கூச்சமும் போனது. இத்தனைக்கும் வேர் அந்த உறைதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இளைய பயிற்சியாளர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், பாகூர்ப் பக்கம் ஒருவர் இன்றும் துணிதான் கட்டவைக்கிறார். உசிக்கும் ஃப்யூரியும் கோடிகளுக்கு ஆடும்போதும் முதலில் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவர்கள் கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார், எதிர்த் தரப்பு ஆள் நின்று பார்க்கிறார். அவர்களுக்கு இல்லாத அவசரம் நமக்கென்ன?

வரும் பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆடாமல் கிடைத்த தங்கத்தை மலரில் 'எதிராளி வரவில்லை' என்ற குறிப்போடு மட்டுமே போட வேண்டும். கழகப் போட்டியில் நடுவர் முன்னால் சொந்தக் கையால் துணி கட்டாதவரை வளையத்தில் ஏற்றக் கூடாது. முதலாவதை வழிமொழிய ஆள் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பொருளாளர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேரன் உறை மாட்டுகிறான்.