'ஆள்' என்ற சொல்லும் 'குடிமகன்' என்ற சொல்லும்: இலங்கையின் 1972 அரசியலமைப்பை நீலகிரியிலிருந்து வாசித்தல்

இலங்கையின் முதற் குடியரசு அரசியலமைப்பு 22 மே 1972 அன்று ஏற்கப்பெற்றது. அதனைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அதனை ஓர் இழப்பின் தொடக்கமாகவே வாசிக்கின்றன. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காவலாக இருந்தது, இலண்டன் கோமறைக் கழகத்திற்கு மேன்முறையீடு செய்ய வழி இருந்தது, குடியரசாக்கத்தோடு இரண்டும் அற்றுப்போயின என்பதே அவ்வாசிப்பின் சாரம். யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குவார்க்கு இது பொருந்தலாம். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழரின் வரலாற்றிலிருந்து நோக்கின் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 29(2) நடைமுறையில் இருந்தபோதே இவை நிகழ்ந்தன. கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953-இல் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் குடிமக்கள் யாவர் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றும், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் பதிவுக்கு வழி திறந்துள்ளது என்றும் கூறிக் கழகம் வழக்கைத் தள்ளியது. காவல் இருந்தது, காக்கவில்லை.

இங்கே பிரிவின் சொல்லாட்சி நோக்கத்தக்கது. 29(2) பேசுவது ஓர் இனத்தை அல்லது சமயத்தைச் சார்ந்த 'ஆட்களை'ப் பற்றி. இலங்கைச் சட்டத் தமிழில் 'ஆள்' என்பது குடியுரிமை உடையாரையும் இல்லாரையும் ஒருசேரக் குறிக்கும் சொல். 1964 மே மாதம் ரணசிங்க வழக்கில் அதே கோமறைக் கழகம் இப்பிரிவை மாற்றவொண்ணாதது எனச் சுட்டியபோது, அது இலங்கையின் குடிமக்களுக்கிடையே அமைந்த உரிமைச் சமநிலை என விளக்கிற்று. ஆள் என்ற இடத்தில் குடிமகன் வந்துவிட்டான். இக்கூற்றைச் சிறுபான்மையினர்க்கான வெற்றியாக மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இச்சொல்மாற்றத்தைப் பொருட்படுத்தாமை வியப்பளிக்கிறது. அவ்வாண்டு அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்தது. பகிரப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. (தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒருநாட் கூலியைக் குறிக்கும்; குறைந்த கொழுந்துக்கு 'அரைப்பேர்'. செக்ரோலில் நாள்தோறும் பேர் விழுந்தவர்க்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை.)

1972-இன் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வா, 1948 சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளுள் ஒருவர். பிரித்தானியச் சட்டத்திலிருந்து அதிகாரம் பெறாத, தன் மண்ணிலேயே வேர்கொண்ட அரசியலமைப்பு என்ற அவரது வேட்கையில் குற்றம் காண இயலாது. இந்தியாவும் தன் 395 ஆம் உறுப்பின் வழி 1947 ஆம் ஆண்டின் விடுதலைச் சட்டத்தையே நீக்கித்தான் குடியரசாயிற்று. கனடா 1982-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் இறுதிச் சட்டமொன்றைப் பெற்றே தன் அரசியலமைப்பைக் கைக்கொண்டது. கொழும்பு அதையும் நாடவில்லை. நாடாளுமன்றத்திற்கு வெளியே, நவரங்கஹல மண்டபத்தில் 19 சூலை 1970 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. அவ்விறைமைக்கு உரியவர் எனக் கொள்ளப்பட்ட 'மக்கள்' யாவர் என்பதே வினா. சபையினரைத் தேர்ந்த வாக்காளருள் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் இல்லை. புதிய அரசியலமைப்பின் 18 ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தை எல்லா ஆட்களுக்கும் வழங்கியது. பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம் ஆகிய உரிமைகளைக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கியது. தொழிற்சங்கத்தையே அரணாகக் கொண்ட சமூகத்திற்கு இது எத்தகைய செய்தி என விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆக 1972 புதிதாகப் பறித்தது சிறிது. 1948-இல் பறித்ததை அடிப்படைச் சட்டத்தின் இலக்கணமாக்கியதே அதன் செயல்.

அவ்விலக்கணத்தின் எச்சம் நீலகிரியில் ஒரு சொல்லாக வாழ்கிறது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தோரைத் தமிழக அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. வந்தவருள் பலர் இலங்கையில் பிறந்தவர். இந்தியாவை முன்பு காணாதவர். காணாத இடத்திற்கு எங்ஙனம் திரும்புவது? இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்றழைக்கப்பட்டவரை மலையூர்க்காரர் 'சிலோன்காரர்' என்றனர். அரசின் சொல்லைவிட ஊரார் சொல் உண்மைக்கு அணுக்கமானது. ஆய்வாளர்களும் மேற்கோட்குறியின்றி அரசின் சொல்லையே ஆள்வது, ஒப்பந்தத்தின் கணக்கை வரலாறாக ஏற்பதற்கு ஒப்பாகும்.

குடியேற்றத்திற்கென 1968-இல் தொடங்கப்பட்ட தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. அதன் லயன் வீடுகளில் இருப்பு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் முடியும். 2022-இல் அந்நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. இலங்கையில் எஞ்சியிருந்தோர்க்கு 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமை வழங்கின. இங்குள்ளோர் இந்தியக் குடிமக்கள். கையில் வாக்காளர் அட்டை உண்டு, வீட்டுக்குப் பட்டா இல்லாதவர் அவர்களுள் இன்னும் உளர்.