சராசரியில் மூழ்கும் வயல்

பயிர் இன்சூரன்ஸ் நமக்குப் புதிய யோசனையன்று. ஒவ்வொரு குடியானவனின் நஷ்டத்தையும் தனித்தனியே கணிப்பது இத்தேசத்தில் ஆகாத காரியமென்று கண்ட மைசூர் ஜே. எஸ். சக்கரவர்த்தி, மழையளவையே ஆதாரமாகக் கொண்ட திட்டமொன்றை 1920-இலேயே நூலாக வெளியிட்டார்; பிற்காலத்தில் பொருளாதார நிபுணர் வி. எம். தண்டேகர் வற்புறுத்தியதும், ஒரு பிரதேசத்தின் சராசரி விளைச்சல் குறைந்தால் அங்குள்ளோர் அனைவருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு தரும் முறையையே. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு: தன் வயலை வேண்டுமென்றே பாழாக விட்டவனுக்கு இதனால் ஆதாயமில்லை, அதிகாரிகள் வரப்பு வரப்பாக ஏறி இறங்கவும் வேண்டியதில்லை. ஆகவே, இத்திட்டங்களைக் கண்டிப்போர் எடுத்த எடுப்பிலேயே சராசரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடன்று.

கோளாறு, சர்க்கார் ஒரே சமயத்தில் விலை வைப்பவராகவும், அளப்பவராகவும், பணம் கட்டுபவராகவும் இருப்பதில்தான். அபாயம் மிகுந்த இடத்தில் பிரீமியமும் மிகும் என்பது இன்சூரன்ஸின் பாலபாடம். 1985-இல் வந்த பயிர் இன்சூரன்ஸ் திட்டமோ, தானியங்களுக்கு 2 சதவீதம், எண்ணெய் வித்துக்களுக்கு 1 சதவீதம் என்று தேசமெங்கும் ஒரே விலை வைத்தது. வறட்சி அடிக்கடி தலைகாட்டும் சௌராஷ்டிரத்து நிலக்கடலைக்கும் அதே ஒரு சதவீதந்தான்; இழப்பீட்டுத் தொகையில் பெரும் பங்கு குஜராத்தின் நிலக்கடலைக்கே போய்ச் சேர்ந்ததில் வியப்பென்ன? அதைத் தயை என்று சொல்லியிருந்தால் ஆட்சேபமில்லை. இன்சூரன்ஸ் என்று பெயர் சூட்டியதே பிசகு.

2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இப்பிழையைத் திருத்த முயன்றது. பிரீமியத்தைக் கம்பெனிகளின் டெண்டர் நிர்ணயிக்கிறது. விவசாயி காரிப் என்னும் மழைக்காலப் பயிருக்கு 2, ராபி என்னும் குளிர்காலப் பயிருக்கு 1.5 சதவீதம் மட்டும் கட்ட, மீதியை மத்திய, மாநில சர்க்கார்கள் பகிர்கின்றன. ஆனால், மாநிலத்தின் பங்கு தாமதித்தால் இழப்பீடும் தாமதிக்கிறது. தன் பங்கைத் தவணைக்குள் செலுத்தி, அடங்கல் வாங்கக் கிராம அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன், தான் வைக்காத பாக்கிக்காகக் காத்துக் கிடக்கிறான். பாரம் தாளாமலோ பயன் போதாமலோ 2018-இல் பீகாரும் 2020-இல் குஜராத்தும் விலகின.

அளப்பதிலும் சிக்கல்தான். கடந்த ஏழாண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரி விளைச்சலிலிருந்து இழப்பீட்டுக்கான வரம்பு கணிக்கப்படுவதால், அடுத்தடுத்து அடிபட்ட ஊருக்கு வரம்பே தாழ்ந்துபோய், அதிகம் நொந்தவனுக்கே பாதுகாப்புக் குறைகிறது.

தனி வயலின் சேதத்துக்கென்று திட்டத்தில் ஒரு வாசல் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத்தில் மூழ்குதல் ஆகியவற்றை 72 மணி நேரத்துக்குள் அறிவித்தால், அந்த வயலையே பார்வையிடுவார்கள். ஆனால், 2018-இல் நெல்லுக்கு மூழ்குதல் என்ற காரணம் நீக்கப்பட்டது. நெல் தண்ணீரில் வளரும் பயிராயிற்றே என்ற தர்க்கம்! தண்ணீரில் வளரும் பயிர் பத்து நாள் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அழுகும் என்பதை, ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக்கொண்ட நாகப்பட்டினத்துச் சம்பாக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். 2026 காரிப் முதல் அக்காரணம் மறுபடி சேர்க்கப்படுமென்று 2025-இல் அறிவித்தார்கள்; இடையில் அழுகிப்போன சம்பாவுக்கு அவ்வறிவிப்புச் செல்லாது.